சும்மா செய்த யானைகள்

யானை அக்காவின் மேஜையில் இருந்த விலைச்சீட்டுகள் அவள் பேசப் பேச இறங்கின. நானூறு என்று எழுதியது முந்நூறு ஆனது, முந்நூறு நூற்றைம்பது ஆனது. மை கலையவில்லை, அட்டை கசங்கவில்லை. மாதம் ஒருமுறை பள்ளிக்கூட மைதானத்தில் நடக்கும் கைவினைச் சந்தையில் இதை முதலில் பார்த்தவர் பக்கத்து மேஜை மெழுகுவர்த்திக்காரர். அன்றைய வெயிலில் அவருடைய மெழுகுவர்த்திகள் ஒவ்வொன்றாகத் தலை குனிந்துகொண்டிருந்ததால், அவர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் துணியில் யானை தைப்பவள். அவளுடைய கணவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுகிறவர். செருப்பு வாங்கிய டப்பாவைச் சின்னச் சின்னதாக வெட்டி, அச்சடித்தது போல எண் எழுதி, யானையின் வாலில் நூலால் கட்டுவது அவர் வேலை. விலையை வாயால் சொல்ல அவளுக்குக் கூச்சம். யாராவது ஒரு யானையைத் தூக்கி "அழகா இருக்கே" என்றால் போதும், "ஐயோ, இதுல என்னங்க இருக்கு, வீட்ல கிடந்த துணில சும்மா பண்ணினது" என்பாள். அந்த 'சும்மா'வுக்கு ஐம்பது இறங்கும். "தும்பிக்கை கொஞ்சம் கோணிக்கிச்சு" என்றால் இன்னும் இறங்கும். வாங்க வந்தவர்கள் விவரமானவர்கள். விஷயம் புரிந்ததும் பேரம் பேசுவதை விட்டுவிட்டுக் கூட்டமாக நின்று புகழ ஆரம்பித்தார்கள். அவளும் விடாமல் மறுத்தாள். மத்தியானத்துக்குள் சீட்டெல்லாம் வெறும் அட்டை.

கணவர் பேனாவை மாற்றினார், பெயின்ட்டால் எழுதிப் பார்த்தார். தொழில்முறையில் அவருக்கு இது பெரிய அவமானம்.

"மீட்டர் எங்கயாவது பின்னாடி ஓடுமாடி?"

"புகழ்ந்தா சும்மா வாங்கி வச்சுக்க முடியுமா? பதிலுக்கு ஏதாவது சொல்ல வேணாமா?"

"நன்றின்னு சொல்லிட்டுப் போயேன்."

"அது திமிரா இருக்காது?"

அடுத்த சந்தையில் அவள் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு பெரியவர் "கை வேலையா இது, நம்பவே முடியலயே" என்றதும், குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, "அவ்ளோலாம் ஒண்ணுமில்லங்க" என்றாள்.

சந்தையை நடத்தும் அம்மா, கழுத்தில் விசிலோடு சுற்றுகிறவர், கறாரானவர். விலை எழுதாத பொருளுக்குச் சந்தையில் இடமில்லை என்பது அவர் சட்டம். மேஜை கேட்டுக் காத்திருப்பவர்கள் நிறைய. அடுத்த தடவையும் வெறும் அட்டை தொங்கினால் மேஜையை ஊறுகாய் ஜாடிக்கு உறை பின்னுகிறவருக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். வீட்டில் யானை அக்காவின் தையல் மெஷின் சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் இருந்தது, ஒவ்வொரு வேளைக்கும் அதைத் தூக்கிக் கீழே வைக்க வேண்டும். யாருக்காகவும் எதையும் நகர்த்த வேண்டியிராத ஒரே மேஜை அந்த மைதானத்து மேஜைதான்.

மூன்றாவது சந்தையிலும் பத்து மணிக்கே சீட்டுகள் வெளுத்தன. விசில் அம்மா வந்து நின்றார். கணவர் முந்திக்கொண்டு, "நெஜ யானையே பாத்தா பொறாமைப்படும்ங்க" என்றார். சீட்டு அசையவில்லை. மெழுகுவர்த்திக்காரர் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார், ஊகூம். செய்தவள் வாயால் சொன்னால்தான் அதற்குக் காது கேட்கும் போலிருந்தது.

யானை அக்கா கடைசி யானையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "இந்தக் காத நாலு தடவ பிரிச்சுத் தச்சேன்," என்று யானையிடம் சொல்வது போலச் சொன்னாள். "உள்ள பஞ்சு கட்டி தட்டக் கூடாதுன்னு விரலாலயே பிச்சுப் பிச்சு வச்சேன். கண்ணு ரெண்டும் ஒரே பக்கம் பாக்குது. அது லேசுல வராது." அவளுடைய காது மடல் சிவந்துவிட்டது. "நல்லா வந்திருக்கு."

சீட்டில் அறுநூறு என்று வந்தது. கணவருடைய கையெழுத்திலேயே வந்தது. விசில் அம்மா கண்ணாடியை ஏற்றிப் பார்த்து, "ம்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார்.

அதன்பின் பல வருஷம் அந்த மேஜை அவளுடையதாகவே இருந்தது. புகழ்ந்தால் "ஆமாங்க" என்று மட்டும் சொல்லப் பழகிக்கொண்டாள், அதுவும் நாளடைவில் கொஞ்சம் தாராளமாகவே வந்தது. ஒரு நாள் மெழுகுவர்த்திக்காரர் அவளுடைய கணவரின் பொறுமையைப் பாராட்டியபோது, "இவர மனுஷனா ஆக்கினதே நான்தானே" என்றாள். சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றப் போனபோது, மேல் பொத்தானில் ஒரு சீட்டு தொங்கியது. எண் எதுவும் இல்லை.

"ஏதாவது நல்லதா ஒரு வார்த்த சொல்லேன்," என்று அவர் கேட்டார்.

அவள் அவரைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தாள். தையல் பார்க்கிற பார்வை அது. "பரவால்ல," என்றாள்.

எழுபத்தைந்து என்று விழுந்தது. மறுநாள் அதை மாட்டிக்கொண்டே அவர் மீட்டர் பார்க்கப் போனார். எல்லா வீட்டிலும் படித்துப் பார்த்தார்கள், யாரும் பேரம் பேசவில்லை.