சாப்பாட்டு அலுமாரியில் பதினோராயிரம் முகங்கள்

"நாசமா? நல்ல பேர்தான் தேடிப் பிடிச்சிருக்கிறீர் தம்பி. அப்ப என்ர கடைய நாசமாக்க வெளிய இருந்து ஒருத்தரும் வரத் தேவையில்லை."

"நாசம் இல்லையக்கா, நாஸ். இங்கிலிசில மூண்டு எழுத்து. எல்லாத்தையும் சேத்து வைக்கிற பெட்டி. ஒரு வயரை இழுத்து விட்டால் கடையில இருந்தே அதுக்குள்ள போடலாம், எடுக்கலாம்."

"ஒரு எழுத்துக் கூடினா நாசம்தானே. சரி, வயரைப் பிடியும்."

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண்குரல் எழும்பியது. "அரபியில நாஸ் எண்டா மனிசர் எண்டு அர்த்தம். ஓதப் போற சின்னப் புள்ளையக் கேட்டாலும் சொல்லும். நல்ல பேர், மாத்தாதீங்க."

மதிலின் மேல் பக்கத்துக்கொரு காலாக உட்கார்ந்திருந்த ஜெமீல் சிரித்தான். சந்தைக்குள் கொம்ப்யூட்டர் திருத்துகிறவன் அவன். குரல் கொடுத்தவள் அவனுடைய அக்கா றுக்கியா. மதிலுக்கு அப்பால் இருப்பது அவளுடைய வீடு. இந்தப் பக்கம், கடையின் பின்வளவில், நீல வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றவள் யோகமலர். பிரதான வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் படக்கடை வைத்திருப்பவள்.

அது இரண்டாயிரத்தேழாம் ஆண்டு. திருகோணமலையில் ஒரு ஆள் வீட்டை விட்டு இறங்கும்போது செருப்பை மறந்தாலும் அடையாள அட்டையை மறக்காத காலம். எல்லாவற்றுக்கும் படம் வேண்டும். அடையாள அட்டைக்குப் படம், கடலுக்குப் போகிற பாஸுக்குப் படம், சீனன்குடாவில் வேலைக்கு உள்ளே போகப் படம். சனத்துக்கு வந்த கஷ்டத்தில் யோகமலருக்கு வேலை குறையவில்லை. கழுத்துப்பட்டியுள்ள சட்டை இல்லாமல் வருகிறவர்களுக்கென்று கடையிலேயே ஒரு வெள்ளைச் சட்டை ஆணியில் தொங்கும். ஊரில் பாதி ஆண்கள் அடையாள அட்டையில் ஒரே சட்டையைத்தான் போட்டிருந்தார்கள்.

கடையில் ஒரு சட்டம் இருந்தது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் அவளே எழுதி வைத்தது: "பெயர் சொல்லாதவர்களுக்குப் படம் இல்லை." எடுக்க வந்தாலும் பெயர், பிரதி கேட்டு வந்தாலும் பெயர். கடை தொடங்கிய புதிதில் ஒரு பஸ் கொண்டக்டரின் முகத்தை வாத்தியார் ஒருவருக்குக் கொடுத்து அனுப்பி, அந்த வாத்தியார் மூன்று சோதனைச் சாவடிகளில் இறங்கி நின்று, நாலாவதாக இவள் கடையில் வந்து நின்று கத்திய நாளிலிருந்து அந்தச் சட்டம். கொம்ப்யூட்டருக்குள்ளும் அப்படியே. பெயர், ஊர், பற்றுத் துண்டு இலக்கம். பதினோராயிரத்துச் சொச்சம் பேர் அப்படி வரிசையாகக் கிடந்தார்கள்.

வயர் இழுப்பதற்கு முதல் நாள், செவ்வாய்க்கிழமை, வந்த மூன்று பேர் பெயர் சொல்லவில்லை. சீருடையும் இல்லை. மூவரில் நடுவயதுக்காரன்தான் கதைத்தான், நல்ல தமிழில்.

"தங்கரத்தினம் எண்டு ஒரு மனிசி இங்க வாறதோ?"

"வாறவ."

"அவவின்ர மகன்ர படத்தை இனி அடிச்சுக் குடுக்க வேண்டாம். கொம்ப்யூட்டரில இருந்து அழிச்சுப் போடுங்கோ. வெள்ளிக்கிழமை வந்து மெசினைச் செக் பண்ண எடுப்பம்."

"ஆர் கேக்கிறதெண்டு எழுத வேணும். உங்கட பேர்?"

அவன் மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்ததை வாசித்துப்பார்த்துச் சிரித்தான். மற்ற இருவரும் சிரிக்கவில்லை. போய்விட்டார்கள்.

தங்கரத்தினத்தின் மகன் கோணேசலிங்கம் பதின்மூன்று மாதத்துக்கு முன் சந்தைக்குப் போனவன். சைக்கிள் மட்டும் திரும்பி வந்தது. தாய் மாதம் தவறாமல் கடைக்கு வந்து ஆறு பிரதி அடித்துக்கொண்டு போவாள். முறைப்பாடு கொடுக்கப் போகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு படத்தை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஒருவரும் திருப்பித் தருவதில்லை. கடைசிப் பிரதியும் போன கிழமை போய்விட்டது. வீட்டில் இருந்த பள்ளிக்கூடப் படங்களை அதற்கு முன்பே ஒரு சோதனையில் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். இப்போது அந்தப் பையனின் முகம் உலகத்தில் ஒரேயொரு இடத்தில் இருந்தது. யோகமலரின் கொம்ப்யூட்டரில்.

யோகமலர் ஆட்கள் வராத மத்தியானங்களில் பனி விழும் நாடுகளின் நாவல்களை மொழிபெயர்ப்பில் வாசிக்கிறவள். அந்த நாவல்களில் வீட்டைச் சோதனை போட வருவதற்கு முன் காகிதங்களை நிலப்பலகைக்கு அடியில் ஒளிப்பார்கள், பூந்தோட்டத்தில் புதைப்பார்கள். அதை வாசிக்கும்போதெல்லாம், தனக்கு அப்படி ஒரு காகிதமும் இல்லையே என்று ஒரு மெல்லிய பொறாமை வரும். செவ்வாய்க்கிழமை அவர்கள் போனதும் கொம்ப்யூட்டரில் கோணேசலிங்கத்தின் படத்தைத் திறந்து பார்த்தாள். பிறகு கடையைச் சாத்தி ஜெமீலைத் தேடிச் சந்தைக்குப் போனாள்.

"சீடியில அடிச்சு வைச்சால் காணாதோ?" என்று கேட்டாள்.

"இந்தக் கடல் காத்துக்குச் சீடி எத்தினை நாள் நிக்கும்? அதோட, நாளைக்கு எடுக்கிற படம்? ஒவ்வொரு நாளும் சீடியைக் கொண்டு ஓடுவீங்களா? வேற இடத்தில ஒரு பெட்டி வைச்சால் நீங்க இங்க சேவ் பண்ண அது அங்க போய் இருந்திடும்."

'அங்க' என்பது றுக்கியாவின் குசினி. அந்த யோசனையைச் சொன்னவளே றுக்கியாதான். ஏதோ அரசாங்கக் கந்தோர் கழித்துவிட்ட பழைய பென்ரியம் பெட்டியை ஜெமீல் தூசு தட்டிக் கொண்டுவந்தான். அதற்குள் எண்பது எண்பது ஜிபியாக இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் எழுதுவதெல்லாம் மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தால் மற்றது இருக்கும். விண்டோஸ் இல்லாமல், இன்டர்நெட்டில் காசில்லாமல் கிடைக்கிற ஒரு சின்ன மென்பொருளை அதில் ஏற்றினான். திரை வேண்டாம், விசைப்பலகை வேண்டாம், கரண்டும் வயரும் போதும்.

"சூடு ஏறக் கூடாது. காத்துப் படுகிற இடமா வேணும்," என்றான்.

றுக்கியா யோசிக்கவே இல்லை. கம்பிவலை அடித்த சாப்பாட்டு அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்து கறிச்சட்டிகளை எடுத்து நிலத்தில் வைத்தாள். "எலியும் வராது, காத்தும் வரும். இதை விட என்ன வேணும்?"

"றுக்கியா, யோசிச்சுச் சொல்லும். பிடிபட்டால் உமக்கும் கரைச்சல்."

"எங்கட மூத்தவர் முனாப் நானா கடலுக்குப் போய் வராம எத்தினை மாசம், மலர்? பாஸுக்கு எடுத்த அந்த ஒரு படம்தானே எங்களுக்கும் மிச்சம். அதுவும் உங்கட மெசினுக்குள்ளதான் கிடக்கு." அவள் சட்டிகளை வேறு தட்டில் அடுக்கிக்கொண்டே சொன்னாள். "எங்கட மனிசரை எங்கட குசினியில வைக்க ஆரிட்டக் கேக்கணும்?"

வயரைக் கடைக்கும் றுக்கியா வீட்டுக்கும் இடையில் எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் சிக்கல். மண்ணுக்குள் புதைத்தால் புதுமண் காட்டிக்கொடுக்கும். கடைசியில், மதிலைத் தாண்டி இரண்டு வளவிலும் ஓடுகிற, இருவரும் உடுப்புக் காயப்போடுகிற கொடிக்கயிற்றோடு சேர்த்துச் சுற்றினார்கள். நீல நைலோன் கயிறும் நீல வயரும். மேலே நாலு சாரத்தைப் போட்டால் ஒன்றும் தெரியாது.

இரண்டு முனையிலும் உள்ள எட்டு நிற நூலையும் ஒழுங்காகக் கோத்து நெரிக்க வேண்டும். ஜெமீல் ஒரு முனையைச் செய்தான். மற்றதை யோகமலர் பார்த்துச் செய்தாள். கரண்ட் கொடுத்தால் வெளிச்சம் வரவில்லை. ஜெமீல் பெட்டியைக் கழற்றினான், பூட்டினான், தலையைச் சொறிந்தான். றுக்கியா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "இதென்ன, நாஸ் நாசமாயே போச்சா?" என்றாள்.

யோகமலர் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். படத்தில் கண் திறந்திருக்கிறதா என்று பார்க்கிற அதே பார்வை.

"தம்பி, நான் பச்சையையும் நீலத்தையும் மாத்திப் போட்டன்."

"கறுமம்! நிறம் பாக்கிறதுதானே அக்கா உங்கட தொழில்?"

"முகத்தின்ர நிறம் பாக்கிறனான். வயருக்கு முகம் இல்லையே."

திருத்தியதும் சின்னப் பச்சை வெளிச்சம் சிமிட்டத் தொடங்கியது. பதினோராயிரம் பேர் கொடிக்கயிறு வழியாக மதிலைத் தாண்டினார்கள். சாவடி இல்லை, அட்டை கேட்பார் இல்லை. இடையில் ஒரு தரம் கரண்ட் போய், விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கி, வியாழன் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது முடிந்தது. கடைசியாகப் போனது யாருடைய முகம் என்று யோகமலர் பார்த்தாள். புல்மோட்டையிலிருந்து வந்த ஒரு குழந்தை. வாயில் விரல்.

வயரின் கடைப்பக்க முனையை அன்றிரவே கழற்றிக் கொடியோடு சுற்றி மறைத்தாள். வெள்ளிக்கிழமை காலை அதே மூவர் வான் வண்டி ஒன்றில் வந்தார்கள். திரை, பெட்டி, சீடிகள், எல்லாவற்றையும் வானில் ஏற்றினார்கள்.

"அந்தப் படத்தை அழிச்சாச்சோ?"

"இல்லை."

"சொன்னது விளங்கேல்லையோ?"

"விளங்கினது. அவனைப் படம் எடுத்தது நான்தான். அழிக்கிறதெண்டால் நீங்களே அழியுங்கோ."

"வேற எங்க வைச்சிருக்கிறீங்கள்?"

"கடையில இருந்ததெல்லாம் உங்கட வானில இருக்கு."

இருவர் பின்கதவைத் திறந்துகொண்டு வளவுக்குள் போனார்கள். கொடியில் றுக்கியா ஈரச் சாரங்களை உதறிக்கொண்டு நின்றாள். ஒரு உதறலில் இருவரின் முகத்திலும் தண்ணீர் அடித்தது.

"பொம்பிளைகள் உடுப்புக் காயப்போடுற இடத்தில உங்களுக்கென்ன வேலை? இதையும் செக் பண்ணணுமா? இந்தாங்க, பிழிஞ்சு தாங்க!"

அவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்கள். நடுவயதுக்காரன் மட்டும் பின்கதவில் நின்று கொடியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வானில் ஏறினான்.

சனிக்கிழமை ஜெமீல் தன் பிரிண்டரையும் கொம்ப்யூட்டரையும் கொண்டுவந்து வயரின் முனையைச் செருகினான். கடையில் மேசை வெறுமையாய்க் கிடந்ததைக் கேள்விப்பட்டு அழுதுகொண்டு வந்த தங்கரத்தினம், வாசலில் நின்று திரையைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தினாள். வெள்ளைச் சட்டையோடு அவளுடைய மகன்.

"ஆறு தாறியோ பிள்ளை?"

"இருவத்திநாலு தாறன் அம்மா. ஆராவது வைச்சுக்கொண்டால் வைச்சுக்கொள்ளட்டும். முடிய முடிய வாங்கோ."

அவள் போன பிறகு யோகமலர் இன்னொன்றும் செய்தாள். கோணேசலிங்கத்தின் முகத்தைப் பெரிதாக அடித்து, வாசல் கண்ணாடிப் பெட்டிக்குள், கலியாணப் பொம்பிளைகளுக்கும் சாமத்தியச் சடங்குப் படங்களுக்கும் நடுவே ஒட்டினாள். ஒழுங்கையால் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கலாம். "மலர், இது கொஞ்சம் கூடிப் போச்சு," என்றாள் றுக்கியா. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனவள், முனாப் நானாவையும் பக்கத்தில் ஒட்டச் சொல்லித் திரும்பி வந்தாள்.

அடுத்த செவ்வாய் மத்தியானம் நடுவயதுக்காரன் வந்தான். தனியாக. வானும் இல்லை, சைக்கிளில். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று இரண்டு முகங்களையும் பார்த்தான். பிறகு உள்ளே வந்து, படம் எடுக்க ஆட்கள் இருக்கிற கதிரையில் இருந்தான்.

"அப்ப, வேற எங்கயோ இருக்கு," என்றான்.

வாசலில் ஒட்டியது வேறொரு பழைய பிரதியைப் பார்த்துத் திரும்பப் பிடித்தது என்று யோகமலர் ஒரு பொய் தயாராய் வைத்திருந்தாள். அதைச் சொல்லுமுன் அவனே தொடர்ந்தான்.

"நான் அதுக்கு வரேல்லை." அவன் கைகளைப் பார்த்துக்கொண்டு கதைத்தான். "போன வருசம் மகளின்ர முதல் பிறந்தநாளுக்கு மனிசி இங்கதான் கூட்டிக்கொண்டு வந்து படம் எடுத்தது. வீட்டில இருந்தது மழைத் தண்ணியில ஊறிப் போச்சு. கொண்டுபோன மெசினை எங்கட ஆக்கள் முழுக்கத் துடைச்சுப் போட்டினம். எனக்கு அந்த ஒண்டுதான் வேணும். ஒண்டே ஒண்டு."

பொறியா, உண்மையா? அவன் கண்ணில் இரண்டும் இருப்பது போலத் தெரிந்தது. பதினோராயிரத்துக்குள் அந்தக் குழந்தையும் இருக்கும். குசினியில், கறிச்சட்டிகளுக்குக் கீழே, வாயில் விரலோடோ, தொப்பியோடோ. எடுத்துக் கொடுத்தால் பெட்டி இருப்பது உறுதியாகிவிடும். இல்லையென்று சொன்னால், ஒரு முகத்தை அழித்தவர்களில் அவளும் ஒருத்தி.

பின்வளவில் றுக்கியா சாரம் உதறும் சத்தம் கேட்டது.

யோகமலர் துண்டுப் புத்தகத்தை எடுத்து அவன் பக்கமாகத் திருப்பி வைத்தாள். பேனையின் மூடியைக் கழற்றினாள். மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த எழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"மனிசியின்ர பேரில இருக்கும்," என்றான் அவன்.

"படத்தில இருக்கிற ஆளின்ர பேரை நான் பிறகு கேக்கிறன். இப்ப கேக்க வந்த ஆளின்ர பேர் வேணும். முழுப் பேர். வெள்ளிக்கிழமை இங்க இருந்து என்னத்தைக் கொண்டுபோனதெண்டதும் கீழ ஒரு வரி." அவள் பேனையை நீட்டினாள். "சொல்லுங்கோ. உங்கட பேர் என்ன?"