இருபதாவது பிள்ளை

1
இந்தக் கதை என்னுடையதல்ல. கல்முனைக்குத் தெற்கே ஒரு கரையோர ஊரில் (பெயரை எழுதி, அழித்துவிட்டேன்) பள்ளிக்கூட அதிபராக இருக்கும் சுல்பிகா எழுதத் தொடங்கி, முடியாமல் என்னிடம் தந்துவிட்டுப் போனது. தொண்ணூறாம் ஆண்டு மலருக்கான வரலாறு.

அவர் தொடங்கியது இப்படி: ‘1936இல், வெள்ளைக்காரர் ஆட்சியில், உதுமாலெவ்வை என்ற பெருமகன் ஏற்றிய கல்வி விளக்கு—’

அங்கேயே நிறுத்திவிட்டார்.

2
அவரை நிறுத்தியது, பள்ளிக்கூடத்தின் முதல் வரவு இடாப்பு, பிள்ளைகளின் பெயர்ப் பதிவேடு. அரசாங்கப் பரிசோதகர் வந்த நாளில் இருபது பிள்ளைகள். அடுத்த வாரம் பத்தொன்பது. இருபதாவது பெயரின் மேல் ஒரு கோடு: றாவியா, வயது எட்டு. தகப்பன், உதுமாலெவ்வை.

றாவியாவின் தம்பி அலியாருக்கு இப்போது தொண்ணூற்று நான்கு வயது. சுல்பிகா இடாப்பைக் கொண்டுபோய்க் காட்டினார்.

“இருவது புள்ள இல்லாட்டி அரசாங்கம் பள்ளிக்கூடத்த ஏற்காதாம். பரிசோதகர் வந்த அண்டைக்கு ஒரு புள்ள கொறஞ்சி போச்சி. றாவியா ராத்தா காய்ச்சல்ல கெடந்திருக்கா. உம்மா வாசல மறிச்சிக்கு நிண்டாவாம். வாப்பா ராத்தாவப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்குப் போயிட்டாராம்.”

“பொறகு?”

“நாலாம் நாள் உசிரு போச்சி, மௌத்தாப் போனா. பள்ளிக்கூடத்த ஏற்ற காயிதம் வந்தது, ராத்தாக்கு நாப்பதாம் நாள் கத்தம் ஓதினண்டு.”

3
உதுமாலெவ்வையை என்னால் எழுத முடியவில்லை. ஒரு வரைவில் கல்நெஞ்சராக்கினேன். இன்னொன்றில் அழவைத்தேன். இரண்டும் பொய்யாக இருந்தன.

காலையில் காய்ச்சல் விட்டிருந்தது என்று அவர் சாகும்வரை சொன்னாராம். பிள்ளையின் உடம்பு நெருப்பாகக் கொதித்தது என்று மனைவி சொன்னாராம். அதன் பிறகு அந்த மனுசி அவருக்கு முப்பது வருடம் சோறு வைத்தார். ஒரு சொல் கதைக்கவில்லை.

(அந்தப் பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் சுல்பிகாவின் உம்மா எழுத்துப் பழகியிருக்க மாட்டார். சுல்பிகாவும்தான். இதை அடைப்புக்குள் வைப்பது சரியா என்று தெரியவில்லை.)

4
முடிவு ஒன்று: றாவியாவின் பெயர் மலரில் வருகிறது; மலர்க்குழு முகம் சுளிக்கிறது.

முடிவு இரண்டு: பெயர் வரவில்லை. விழா சிறப்பாக நடக்கிறது. சுல்பிகா மேடையில்—

வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்கிறேன். அன்று இடாப்போடு சுல்பிகா எழும்பும்போது அலியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எழுதுங்க மகள். ராத்தாட பேர் வரணும். ஆனா வாப்பாவக் கொலகாரனாக்கிப் போடாதீங்க. உம்மாவயும் பொய்க்காரியாக்கிப் போடாதீங்க.”

“ஓம், சாச்சா,” என்றார் சுல்பிகா. வீதிக்கு வந்த பிறகுதான், எதற்கு ஓம் சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது.

திங்கட்கிழமை மலர் அச்சுக்குப் போகிறது. ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிறது. மூன்று பேருக்கும் நியாயமான ஒரு வாக்கியம் சுல்பிகாவுக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. உங்களுக்கு வந்தால்—