அதே பெயர், அதே வயது

அப்பாவின் வலது கன்னத்தில் பிளேடு இறங்கிக்கொண்டிருந்தபோது அவள் அதைச் சொன்னாள்.

"அப்பா, உங்க தம்பி கிடைச்சுட்டாரு."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்த அப்பா அசையவில்லை. நுரை காய்ந்த தாடை மட்டும் லேசாக இறுகியது. அவள் பிளேடைக் கிண்ணத்து நீரில் அலசினாள். நுரையீரல் கைவிட்டுவிட்டது, இன்றோ நாளையோ என்று காலையில்தான் டாக்டர் அம்மாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். பக்குவமாகச் சொல்ல இனி நாள் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அப்பா முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். அடுக்கு மாடிகளின் இருட்டுக் குழிக்குள் தனியாக வேலை பார்த்துப் பழகியதாலோ என்னவோ, வீட்டிலும் பேச்சு கம்மி. அவர் அனாதை விடுதியில் வளர்ந்தவர், பன்னிரண்டு வயதில் அங்கிருந்து ஓடிவந்தவர். அங்கே ஒரு தம்பியை விட்டுவிட்டு வந்தார் என்பதைக் கல்யாணமான புதிதில் அம்மாவிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார், தம்பியின் பெயரைக்கூடச் சொல்லாமல். அப்புறம் யார் அந்தப் பேச்சை எடுத்தாலும் தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே எழுந்து கை கழுவப் போய்விடுவார்.

ஏழு மாதம் முன்பு, முதல் பரிசோதனையின்போது, உங்கள் அப்பா வழியில் யாருக்காவது இந்த வியாதி உண்டா என்று டாக்டர் கேட்டார். அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அன்று சாயங்காலமே ஒரு பெரிய காகிதத்தை வாங்கிவந்து சாப்பாட்டு மேஜையில் விரித்தாள். கீழே தன் பெயர், மேலே அம்மா அப்பா. அம்மா பக்கம் ஒரே வாரத்தில் கொள்ளுத்தாத்தா வரை போய் நின்றது. அப்பா பக்கம் ஒரு கட்டம்தான். அதற்கு மேலே வெள்ளைக் காகிதம். அவள் ஒரே பிள்ளை. அந்த வெள்ளை அவளை என்னவோ செய்தது. பிறப்புப் பதிவு அலுவலகம், பள்ளிக்கூடம் என்று லீவு நாளெல்லாம் அலைந்தாள்.

கடைசியில் அந்த விடுதியையே தேடிப் போனாள். பெருவெள்ளம் வந்த வருடத்துப் பதிவேட்டின் நான்காம் பக்கத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. வயது எட்டு. அடுத்த வரியில் தம்பி, வயது ஐந்து. தாயின் பெயர் இருந்த இடத்தை ஈரம் தின்றிருந்தது. விடுதி அலுவலகத்தில் இருந்த பெண், அந்த வருடம் மட்டும் இருநூறு பிள்ளைகள் வந்தார்கள், மீதிப் பக்கங்களையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்றாள். அவள் கேட்கிற நிலையில் இல்லை. பதிவேட்டைப் படம் எடுத்துக்கொண்டு மூடிவிட்டாள். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருடமாகக் குழாய்களில் பெயர் ஒட்டுகிறவள் அவள். பெயரும் வயதும் ஒத்துப்போனால் போதாது, மூன்றாவதாக ஒன்றைக் கேட்காமல் ஊசியைத் தொடாதே என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவள்தான்.

சின்னவன் பதினாறு வயதில் கார் சீட் தைக்கும் பட்டறைக்கு வேலைக்கு அனுப்பப்பட்டதாகக் குறிப்பு இருந்தது. பட்டறை இன்னும் இருந்தது. அங்கே ஒரு போன் நம்பர் கிடைத்தது. நேற்று முன்தினம் பேசிவிட்டாள். எனக்கு ஒரு அண்ணன் இருந்தான், அதே பெயர்தான், பன்னிரண்டு வயதில் விடுதியை விட்டு ஓடிப்போனான் என்று சொல்லும்போதே அந்தக் குரல் தழுதழுத்துவிட்டது.

"பேசறீங்களாப்பா?"

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் தலையணையிலிருந்து தலையை ஒரு விரற்கடை தூக்கினார். அவள் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரைத் திறந்து அவர் காதருகே பிடித்தாள். அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே" என்றது குரல்.

அப்பாவுக்கு மூச்சு திரண்டு வரவே நேரமானது. "சோறு வாங்கிட்டு வந்துடறேன்னு சொல்லிட்டுத்தான்டா போனேன்" என்றார். "வரலடா நான். மன்னிச்சிருடா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு ஒரு கிழவர் அழுகிற ஓசை.

"விடுண்ணே. நான் நல்லாத்தான் இருக்கேன். பேரன் பேத்தி எல்லாம் இருக்கு. நீ அதையே நெனச்சுக்கிட்டு இருக்காத. விடு."

மழித்த கன்னத்திலும் மழிக்காத கன்னத்திலும் நீர் இறங்கியது. மூன்று மணிக்கு அப்பா போய்விட்டார். தூக்கத்திலேயே போனார். வாழ்க்கையில் ஒரே ஒரு காரியத்தை உருப்படியாகச் செய்துவிட்டோம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். இடது கன்னத்து முடியை மழிக்க மறந்துபோனது.

மறுநாள் காலை பத்து மணிக்கு, போனில் பேசியவர் வந்தார். ஒல்லியான மனிதர், தோளில் ரெக்ஸின் பை. வாசலில் நின்ற அவளைப் பார்த்ததும் அவள் தலையில் கை வைத்தார். அவள் சித்தப்பா என்று கூப்பிட்டு உள்ளே அழைத்துப் போனாள். அம்மா முழங்கால் வலியோடு நாற்காலியில் இருந்தாள். அப்பா கூடத்தின் நடுவில் வெள்ளைத் துணிக்குள் கிடந்தார்.

வந்தவர் அப்பாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். மண்டியிட்டு, துணிக்குள் கையை விட்டு, அப்பாவின் வலது கையை வெளியே எடுத்தார். கையைப் பிடித்து அழப்போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். கட்டை விரலிலிருந்து சுண்டு விரல் வரை. மறுபடியும் முதலிலிருந்து. பிறகு கையைத் துணிக்குள் வைத்து, ஓரத்தைச் செருகிவிட்டு எழுந்தார்.

"கொஞ்சம் தண்ணி குடும்மா" என்று அவளைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீரைக் குடிக்கவில்லை.

"என் அண்ணனுக்கு வலது கையில ரெண்டு விரல் பாதிதான். விடுதி மரப்பட்டறையில, பத்து வயசுல போனது."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் போனை எடுத்து அந்தப் பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கினாள். அவர் தன் தாயின் பெயரைச் சொன்னார். ஈரக் கறைக்கு அடியில் எஞ்சியிருந்த முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் அதற்குப் பொருந்தின. அந்த வரியில் இருந்தது அவருடைய அண்ணன். அப்பா வேறு ஏதோ பக்கத்தில் இருந்திருக்கிறார், தன் தம்பியோடு. அந்தப் பக்கத்தை அவள் புரட்டவே இல்லை.

"என் அண்ணன் எதுவும் சொல்லிட்டுப் போகலம்மா. சோறு வாங்கப் போறேன்னு எல்லாம் சொல்லல. போன்ல கேக்கும்போதே ஒரு மாதிரி இருந்துச்சு. வயசாச்சு, மறந்திருப்பான்னு விட்டுட்டேன்."

"தப்பு பண்ணிட்டேன்" என்றாள் அவள்.

அவர் தம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். குரலை உயர்த்தவில்லை.

"நேத்து நான் சொன்னது என் அண்ணனுக்குச் சொன்னதும்மா. அம்பத்தெட்டு வருஷமா சொல்லாம வச்சிருந்தேன். இனிமே எங்க போயி அதைச் சொல்றது?"

கூடத்தில் யாரோ வண்டி வந்துவிட்டது என்றார்கள். அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார். போகட்டும், தடுக்கத் தனக்கு என்ன உரிமை என்று அவள் பின்னாலேயே போனாள். சமையலறைப் பேச்செல்லாம் காதில் விழுந்திருந்த அம்மா, நாற்காலியிலிருந்தபடியே கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"நாப்பத்தஞ்சு வருஷம் கூட இருந்தேன். அவர் அழுது நான் பார்த்ததில்ல" என்றாள் அம்மா. "உங்ககிட்ட பேசினப்புறம்தான் நிம்மதியாத் தூங்கினாரு. நீங்க மட்டும் இல்லன்னா அந்த மனுஷன் அந்த பாரத்தோடயே போயிருப்பாரு."

அவர் அம்மாவையும் வாசலையும் பார்த்தார். மகளைப் பார்க்கவில்லை. வெளியே வண்டிக்காரர் பின்கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. அவர் பையை இறக்கி, அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் சுவரோரமாக வைத்தார்.

"சரிங்க அண்ணி" என்றார்.

மயானத்துக்கு அம்மாவால் வர முடியவில்லை. வண்டியில் அவரும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து வந்தார்கள். நடுவில் பெட்டிக்குள் அப்பா. ஒரு திருப்பத்தில் பெட்டி நகர்ந்தபோது இருவரும் ஒரே சமயத்தில் கை வைத்தார்கள். அவர் உடனே கையை எடுத்துக்கொண்டார்.

சடங்கு முடிந்ததும் மயானத்து அலுவலகத்தில் காவலாளி தடித்த பதிவேட்டைத் திருப்பி வைத்தார். நெருங்கிய உறவு இரண்டு பேர் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அவள் தன் பெயரை எழுதி, பக்கத்துக் கட்டத்தில் மகள் என்று எழுதினாள். பேனாவை மேஜையில் வைத்தாள். யாரிடமும் நீட்டவில்லை.

"இன்னொருத்தர்?" என்றார் காவலாளி.

கிழவர் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு குனிந்தார். தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"இதுல என்ன எழுதணும்?"

"உறவுமுறைங்க. இறந்தவருக்கு நீங்க என்ன வேணும்?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அடுத்த வண்டி வந்து நின்றிருந்தது. காகிதத்தில் பேனா உரசும் சத்தம் கேட்டு, நின்று, மறுபடியும் கேட்டது. திரும்பியபோது அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வரியின் கடைசிக் கட்டத்தில், கொஞ்சம் கோணலாக, தம்பி என்று இருந்தது.

காவலாளி அதைப் படித்துத் தலையாட்டினார். மை காயட்டும் என்று பதிவேட்டை மூடாமல் ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் தள்ளி வைத்தார்.