தாங்குகிற குடை

நாள் முழுக்க நின்றுகொண்டே விடுதியின் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு வந்தவளுக்குக் கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. குடைக் கடைக்காரருக்கு அது எங்கே தெரியப் போகிறது? ஒவ்வொரு குடையாக விரித்து, மடக்கி, அவள் மூக்குக்கு நேரே ஆட்டிக்கொண்டிருந்தார்.

“எந்தக் காத்துக்கும் திரும்பாதும்மா. உங்க பேரப் பிள்ளைங்க வரைக்கும் உழைக்கும்.”

“தாங்குமா?”

“பேய் மழையே தாங்கும்.”

அவள் கேட்டது மழையை இல்லை. குடையை வாங்கி, மடக்கி, தரையில் ஊன்றி, உடம்பின் பாரத்தை அதன்மேல் போட்டாள். நடுக்கம்பி நெளிந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

“குடைய விரிச்சுப் பாக்கணும்மா. நீங்க என்ன, குழி தோண்டுறீங்க?”

சிரிக்க அவளுக்குத் தெம்பில்லை, விளக்கம் சொல்லவும் இல்லை. அவள் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்தவர். பக்கவாதம் வந்து ஒரு கால் இழுத்துக்கொண்டது. ரோஷத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. கைத்தடி வாங்கிக் கொடுத்தாள். “ஓடுற பஸ்ல கம்பியப் பிடிக்காம டிக்கெட் கிழிச்சவன் நான். எனக்குக் கம்பா?” என்று அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். ஆனால் கொளுத்துகிற வெயிலிலும் மடக்கிய குடையை ஊன்றிக்கொண்டு போவார். அவரும் அதைக் குடை என்றே சொன்னார், அவளும் குடை என்றே சொன்னாள்.

போன மாதம் தெருமுனையில் அந்தக் குடை வளைந்து ஆளைக் கீழே தள்ளியது. போவோர் வருவோரெல்லாம் சேர்ந்து தூக்கிவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்குள் போனவர்தான், அப்புறம் ஜன்னலே கதி. இப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து மனுஷன் முடங்கிப் போய்விடுவாரோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் கடைக்காரர் பரண்மேலிருந்து ஒன்றை இறக்கினார். தடித்த மரத்தண்டு, வளைந்த பிடி, நுனியில் பித்தளைப் பூண்.

“வெயிட்டு ஜாஸ்தின்னு இத யாரும் வாங்கறதில்ல.”

ஊன்றினாள். அசையவில்லை. அப்படியே சாய்ந்து நின்றாள். காலையிலிருந்து அப்போதுதான் காலுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. பிடியை விட மனசே வரவில்லை.

“விரிச்சுக் காட்டவா?”

“வேணாம். இதையே குடுங்க.”

மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்புமுன் அதைக் கதவோரம் சாய்த்து வைத்தாள்.

“எதுக்கு இன்னொண்ணு?” என்றார் அவர்.

“பழசுதான் கம்பி போச்சே. மழை வந்தா வேணுமில்ல.”

அவர் சுவரைப் பிடித்தபடி எழுந்து வந்து, குடையின் பிடியைப் பற்றினார். ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு இன்னும் பலமாக ஒருமுறை. அவள் அடுப்புப் பக்கம் திரும்பி, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

“மழை வர்ற மாதிரி இருக்கு,” என்றார் அவர். “அதுக்குள்ள தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்.”

ஜன்னலில் வெயில் கண்ணைக் கூசவைத்தது.

“ஆமாங்க,” என்றாள் அவள். “நனையாம வாங்க.”