ஓடாத வேல்ஸ்காரன்

எங்கள் வேல்ஸ் ஊருக்கும் பக்கத்து ஆங்கில ஊருக்கும் நடுவில் பழங்காலத்து ராஜா ஒருவன் போட்ட மண்மேடு இருக்கிறது. வருஷா வருஷம் அங்கே அந்த ஊர்க்காரர்கள் அவர்களுடைய முன்னோரான சாக்சன் படையாகவும் நாங்கள் வேல்ஸ் படையாகவும் மரக்கத்தியோடு மோதுவோம். கொம்பு ஊதியதும் நாங்கள் தோற்று ஓட வேண்டும். சரித்திரம் அப்படியாம். எனக்கு வயிறு எரியும்.

இந்த வருஷம் எந்தப் புண்ணியவானோ ரக்பி ஆட்ட நாளில் சண்டையை வைத்துவிட்டான். எங்கள் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் ஆட்டம் பார்க்கத் தலைநகர் கார்டிஃபுக்குப் போய்விட்டார்கள். ஆங்கிலேயர்கள் பரிதாபப்பட்டு அவர்கள் படையில் பாதியை எங்களுக்குக் கடன் கொடுத்தார்கள். அதில் ஒருவன் தபால்காரன் வில்ஃப். அவன் முகத்தில் எங்கள் படையின் அடையாளமான நீலச் சாயத்தை நான்தான் பூசினேன்.

"ஓடறப்ப சறுக்கி விழுந்துடாத, மேட்டுக்குக் கீழ இருக்கற பள்ளம் ஆழம்," என்றேன்.

"போ நெரிஸ், எத்தன வருஷம் உங்களத் தொரத்தியிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

கொம்பு ஊதியது. பழக்கதோஷம், நாங்கள் ஓடினோம். பின்னாலிருந்து ஒரு கத்தல்.

"எதுக்கு ஓடறீங்க? நம்ம மண்ணு இது! திரும்புங்க!"

வில்ஃப்! மேட்டில் தன்னந்தனியாக ஏறிக்கொண்டிருந்தான். எனக்கு ரத்தம் கொதித்தது. இதை இவனா எனக்குச் சொல்ல வேண்டும்? திரும்பிப் பாய்ந்தேன். எல்லாரும் பாய்ந்தார்கள். திகைத்து நின்ற சாக்சன்களை உருட்டித் தள்ளினோம். மேடு எங்கள் கையில்!

கீழே சேற்றில் கிடந்த வில்ஃபின் அண்ணன் டெரிக் கத்தினான்: "டேய், நீ இங்கிலீஷ்காரன்டா!"

வில்ஃபுக்கு மூச்சு வாங்கியது. வியர்வையில் நீலம் வழிந்தது.

"அத நாளைக்குப் பாத்துக்கலாம். இப்ப முடிஞ்சா மேல ஏறி வா!"