வெயிலை மூடிய பேனர்

"அப்பா, அடிக்கிற கைக்கு வலிக்காதா?"

மகள் இப்படிக் கேட்டது அவள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய புதிதில். கடைத்தெருவில் பையைப் பறித்தவன் என்று யாரையோ பிடித்துவைத்துக் கூட்டமாக அடித்துக்கொண்டிருந்தார்கள். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று கடந்த பேராசிரியர், "கோபத்துல எதுவும் வலிக்காதும்மா" என்று ஏதோ ஒரு பதிலைச் சொல்லி வைத்தார். குழந்தை அதோடு விட்டுவிட்டாள். அவரும் மறந்துவிட்டார். ஆனால் பிள்ளைகள் கேட்கிற கேள்வியை ஆண்டவன் மறப்பதில்லை. பதில் சரியில்லை என்றால் என்றைக்காவது திருப்பிக் கேட்பான்.

பேராசிரியர் ஒரு வணிக மேலாண்மைக் கல்லூரியில் நிதிப் பாடம் நடத்துபவர். அந்த வாரம் அங்கே சூரிய மின்சார வாரம். முதலீடு பற்றிப் பேச்சு, தொழில் திட்டப் போட்டி, அட்டையில் செய்த காற்றாலைகள், மிதித்தால் விளக்கு எரியும் சைக்கிள் என்று வளாகமே அமளிதுமளிப்பட்டது. எல்லாவற்றுக்கும் பொறுப்பு பேராசிரியர்தான். கடைசி நாளன்று தர மதிப்பீட்டுக் குழு வருகிறது. அன்று கல்லூரி முழுவதும் மொட்டைமாடிச் சூரியப் பலகைகளின் மின்சாரத்தில் மட்டுமே இயங்கும் என்று அவர் அறிவித்திருந்தார். குழுவினர் கண்ணெதிரே மெயின் சுவிட்சை அணைத்து, பெட்டியைப் பூட்டி, சாவியைக் குழுத் தலைவர் கையிலேயே கொடுத்தாகிவிட்டது.

அன்று முற்பகலில்தான் மொட்டைமாடியில் விரிக்க ஒரு பெரிய பேனர் வந்து சேர்ந்தது. 'வெயில் வீணாகக் கூடாது' என்று ஆளுயர எழுத்துகள். மேலே பறந்து படமெடுக்கும் டிரோனுக்காகச் செய்தது. ஒலிபெருக்கியை விட்டுப் பிரியாததால் 'மைக்' என்று பெயர் வாங்கியிருந்த மாணவர் தலைவன், அதை எங்கே கட்டுவது என்று கேட்டான். பேராசிரியர் திரும்பிப் பார்க்காமலே, "மாடியில எங்க அகலமா இடம் இருக்கோ அங்க கட்டுங்கப்பா" என்றார். அந்தப் பலகைகள் போட்ட முதலைத் திரும்ப எடுக்கும் காலத்தை வகுப்பில் பலமுறை கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாரே தவிர, அவர் ஒருநாளும் மாடியேறிப் பார்த்ததில்லை.

காலையிலேயே வாடகை நாற்காலிகளைக் கொண்டுவந்தவரை எல்லோரும் நாற்காலிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். அவர் ஒவ்வொரு அடுக்கின் மேலும் ஓர் ஊதாத் துணிக் கிழிசலைக் கட்டியிருந்தார். வரவேற்பு வாசலில் கந்தல் தொங்குகிறதே என்று பேராசிரியர் முகம் சுளித்தார்.

"எங்க கடைப் பழக்கம் சார்" என்றார் நாற்காலிக்காரர். "ஆளுக்கொரு கலரு. எந்த அடுக்குல எந்தத் துணி இருக்கோ, அது அவன் கொண்டுவந்து சேர்த்தது. இல்லேன்னா நான் சுமந்ததை இன்னொருத்தன் தன் கணக்குல எழுதிக்குவான்."

"இப்ப அவிழ்த்து உள்ள வையுங்க. போறப்ப கட்டிக்கலாம்."

அவர் அவற்றை அவிழ்த்து வண்டியில் போட்டார்.

நண்பகலுக்குச் சற்று முன்பு சிறப்பு விருந்தினர் சூரியனின் லாபத்தைப் பற்றி உருகிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கி விக்கியது. திரை இருண்டது. மின்விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில்; உள்ளே இருட்டு. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குழுத் தலைவர் கையிலிருந்த சாவியைப் பார்த்துப் புன்னகைத்தார். அந்தப் புன்னகை பேராசிரியரின் நெஞ்சில் அமிலமாக இறங்கியது. கல்லூரி இயக்குநர் அவர் காதருகே குனிந்து, நல்ல காரியம் பண்ணினீர்கள் என்று பல்லைக் கடித்தார்.

அப்போதுதான் மைக் ஓடிவந்தான். "சார், மாடியில ஒருத்தன் நிக்கிறான். கையில கத்தி. வயரை அறுக்குறான்."

பேராசிரியர் படிகளைத் தாவித் தாவி ஏறினார். பின்னால் மாணவர் கூட்டம். மாடிக் கதவைத் தள்ளியதும் கண்ணில் பட்டது, கைப்பிடிச் சுவர் ஓரம் குனிந்திருந்த நாற்காலிக்காரர். வலது கையில் கத்தி. இடது கையில் கறுப்பாக ஏதோ நீளமாகத் தொங்கியது. பேராசிரியர் கால் வைத்து நின்றதே அந்தப் பேனரின் ஓரத்தில்தான். அது எதை மூடிக்கொண்டு கிடக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. கோபத்தோடு வந்தவர்களுக்குத் தேடிவந்த ஆள் மட்டும்தான் தெரிவான்.

"சார், கீழ புள்ளைங்க..." என்று அவர் நிமிர்வதற்குள் பேராசிரியரின் உள்ளங்கை அவர் கன்னத்தில் இறங்கியது. ஓங்கிய அறை. கத்தி எகிறிப் போய் விழுந்தது.

ஆசிரியர் கைநீட்டியாகிவிட்டது, பிள்ளைகளுக்கு வேறென்ன அனுமதி வேண்டும்? காலையில் பூமியைக் காப்போம் என்று உறுதிமொழி எடுத்த அதே கூட்டம் அவர்மேல் பாய்ந்தது. ஒருவன் சட்டையைப் பிடித்துக் கிழித்தான். ஒருவன் முழங்காலால் வயிற்றில் இடித்தான். கீழே விழுந்தவரைச் சுற்றி நின்று மிதித்தார்கள். "செங்கல்லு சார்... செங்கல்லு..." என்று அவர் எதையோ சொல்லப் பார்த்தார். "பொய் வேறயாடா?" என்று கேட்டு மைக் அவர் வாயிலேயே உதைத்தான். ஒரு பல் தெறித்துப் பேனரின் வெள்ளைப் பரப்பில் உருண்டது. எழுந்திருக்க ஊன்றிய வலக்கையின்மேல் ஒரு பூட்ஸ் ஏறி நின்று திருகியது. சுள்ளி முறிவதுபோல் ஒரு சத்தம். அவர் திருப்பி அடிக்கவில்லை. தலையை மட்டும் கைகளுக்குள் ஒடுக்கிக்கொண்டார்.

பேராசிரியர் தடுத்திருக்கலாம். ஒரு சொல் போதும். அவர் மூச்சிரைக்கப் பார்த்துக்கொண்டு நின்றார்.

காற்று பலமாக ஒருமுறை வீசியது. ஏற்கெனவே ஒரு மூலையில் கட்டு விட்டிருந்த பேனர் படபடவென்று எழும்பி, பாதிவரை உரிந்து மடிந்தது. அடியில் நீலமாக மின்னின சூரியப் பலகைகள். வெயில் அவற்றின்மேல் விழுந்த சற்றைக்கெல்லாம் கீழே மின்விசிறிகள் முனகத் தொடங்கின. ஒலிபெருக்கி உயிர்பெற்றது. அரங்கம் முழுக்கக் கைதட்டியது.

மாடியில் ஒரு மனிதர் ரத்தம் கக்கிக்கொண்டிருந்தார். கீழே கைதட்டல் நிற்கவே இல்லை.

உயர்ந்திருந்த கால்கள் அந்தரத்தில் நின்றன. பேராசிரியர் சுவரருகே போனார். பேனர் பறக்காமலிருக்கக் கறுப்பு நைலான் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த செங்கற்களை யாரோ பத்திரமாக உள்ளே இழுத்து வைத்திருந்தார்கள். கயிறு கத்தியால் அறுக்கப்பட்டிருந்தது. எட்டிப் பார்த்தார். நேர் கீழே, கண்காட்சி பார்க்க வந்த பள்ளிக்கூடத்துச் சின்னக் குழந்தைகள், நாற்காலிக்காரர் போட்ட நாற்காலிகளில் கால்களை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்பவே சொன்னேன் சார்" என்றார் நாற்காலிக்காரர், உடைந்த உதடுகளால். "செங்கல்லு ஆடுதுன்னு இந்தத் தம்பிகிட்ட சொன்னேன். உன் வேலையைப் பாருன்னுச்சு. மனசு கேக்கல. ஏறி வந்துட்டேன்."

மைக் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

மூச்சு வாங்க ஏறிவந்த இயக்குநர் ஒரே பார்வையில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். பின்படி வழியாக ஆளைக் கொண்டுபோய்விடலாம், குழு போகும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்றார். பேராசிரியரைத் தனியே தள்ளிக்கொண்டு போனார்.

"படியில வழுக்கி விழுந்தான், அவ்வளவுதான். ஏதாவது பேசினான்னா, வயர் திருட வந்தான்னு புகார் குடுத்துடலாம். நாற்காலிக்காரன் சொல்றதை எவன் சார் நம்பப்போறான்?"

"நான் நம்புறேன்" என்றார் பேராசிரியர்.

"உங்க பதவி உயர்வுக் கோப்பு என் மேசையில இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

பேராசிரியர் நாற்காலிக்காரரின் தோளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினார். மற்றொரு பக்கம் பாரம் குறைந்தது, பார்த்தால் மைக். இருவரும் அவரைப் பின்படி வழியாக இறக்கவில்லை. அரங்கத்தின் நடுப்பாதை வழியாகவே நடத்தி வந்தார்கள். விருந்தினரின் பேச்சு பாதியில் நின்றது. விரிப்பில் ரத்தம் சொட்டியது. மேடையருகே வந்ததும் பேராசிரியர் நின்று ஒலிபெருக்கியை வாங்கினார்.

"கரண்ட் போனதுக்கு இவர் காரணமில்ல. வெயில் வீணாகக் கூடாதுன்னு எழுதின பேனரை வெயில் பலகை மேலயே விரிச்சிருந்தோம். கட்டச் சொன்னது நான். இவர் மாடி ஏறினது உங்க தலையில செங்கல் விழக் கூடாதுன்னு. நாங்க எல்லாரும் சேர்ந்து இவரை அடிச்சோம். முதல் அடி என்னுது. இந்த வாரம் முழுக்க நிறையப் பேசிட்டோம். நான் இன்னைக்குப் படிச்சது ஒண்ணுதான். கேட்டுட்டு அடிச்சிருந்தா, அடிச்சே இருக்க மாட்டோம்."

யாரும் கைதட்டவில்லை. குழுத் தலைவர் எழுந்து, தன் காரை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

மருத்துவமனையில் காயம் எப்படி வந்தது என்று டாக்டர் கேட்டபோது, "நாங்க அடிச்சது" என்றார் பேராசிரியர். போலீஸ் கேட்டாலும் இதையே சொல்வதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். வலக்கையில் இரண்டு விரல்கள் முறிந்திருந்தன. கட்டுப் போடும்போது நாற்காலிக்காரர் முனகியது வலியால் மட்டுமல்ல. பொழுது சாய்வதற்குள் நாற்காலிகள் கடைக்குப் போய்ச் சேர வேண்டும்.

"முதலாளி ஒரு மாதிரி சார். காரணம் கேக்க மாட்டாரு. அடுக்கு வந்து சேரலேன்னா நாளைக்கு வேற ஆளு. வண்டிச் சாவியை வாட்ச்மேன்கிட்ட குடுத்துருங்க. யாராவது வருவாங்களான்னு பாக்குறேன்."

சாவியை நீட்டியபோதுகூட அவர் பேராசிரியரின் கண்ணைப் பார்க்கவில்லை. அவருடைய மனைவி அலறியடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் பேராசிரியர் கிளம்பினார்.

கல்லூரி வெறிச்சோடிக் கிடந்தது. வாட்ச்மேன் வாசலில் தலையைத் தொங்கப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். பேராசிரியர் அவனை எழுப்பவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். அடுக்கை நெஞ்சோடு அணைத்து, தள்ளாடிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினார். மறுபடி திரும்பி வந்தார். புத்தகம் மட்டுமே சுமந்து பழகிய கைகள். சற்று நேரத்திலேயே உள்ளங்கை கன்றிச் சிவந்து, கொப்புளம் கிளம்பி, உடைந்தது. ஓர் அடுக்கு சரிந்து முழங்காலில் விழுந்தது. ஆண்டவனே என்று நொண்டிக்கொண்டு மறுபடி அடுக்கினார்.

வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருந்த கடை முகவரிக்கு ஓட்டிப் போனார். கிடங்குக் கொட்டகை திறந்தே கிடந்தது. முதலாளி சாப்பிடப் போயிருந்தார் போலும். கொண்டுவந்த அடுக்குகளை எல்லாம் இறக்கிச் சுவரோரம் வரிசையாக வைத்தார். பிறகு வண்டிக்குள் தேடினார். இருக்கைக்கு அடியில், காலையில் தாம் அவிழ்க்கச் சொன்ன ஊதாக் கிழிசல்கள் ஒரு பந்தாகச் சுருண்டு கிடந்தன.

ஒவ்வொரு அடுக்கின் மேலும் ஒன்றாக, அவிழாதபடி இறுக்கிக் கட்டினார். முறிந்த விரல்களுக்கு இது ஈடில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்த மனிதரின் அன்றைய வேலை அவர் பெயரிலேயே முடிந்து நின்றது.

சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்து தெருவோரக் குழாயைத் திறந்தார். உள்ளங்கையில் தண்ணீர் பட்டதும் தீப்பட்டதுபோல் எரிந்தது. பகலில் அந்தக் கன்னத்தில் இறங்கிய அதே கை. அதை அப்படியே விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வலிக்குதும்மா" என்றார். கேட்க யாரும் இல்லை.