நீலப் பைப்

டுபாய் கராமாவில் நாங்கள் மூன்று பேர் இருந்த ஃபிளாட்டின் குசினிச் சுவரில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. அதில் பதின்மூன்று விதிகள். இந்த நாட்டுக்கு வந்து நான் முழுதாக வாசித்த ஒரே சட்டம் அதுதான்.

எழுதியவர் கஜாலினி அக்கா, என் ரூம்காரர் வினோஜன் அண்ணையின் மனைவி. யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூட ஆய்வுகூடம் அவருடைய பொறுப்பில் இருந்தது. அவர் அனுப்பிய கையெழுத்தை அண்ணை ஜெபல் அலியில் தான் வேலை செய்யும் வேர்ஹவுசில் பிரின்ட் எடுத்து வந்து ஒட்டினார். விடயம் ஜிஞ்சர் பியர். சவ்வரிசி மாதிரிக் கொஞ்ச மணிகள். அவற்றுக்கு உயிர் இருந்தது. தண்ணீரில் போட்டுச் சீனியும் இஞ்சியும் கொடுத்தால் தின்றுவிட்டு நுரைக்கும். கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்திருந்தது நாற்பத்தொரு நாள். அண்ணை டுபாய்க்குத் திரும்பியபோது அக்கா மணிகளில் பாதியைக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீடியோ கோலில் இருவரும் ஒரே நேரத்தில் போத்தல் மூடியைத் திறப்பார்கள். அங்கே ஒரு "டப்", இங்கே ஒரு "டப்". அவர்களுடைய குடும்ப வாழ்க்கை அவ்வளவுதான்.

மூன்றாவது ஆள் கீழக்கரை செய்கு முகம்மது பாய். மொபைல் கவர் கடை. ஒரு சொட்டும் குடிக்கமாட்டார். ஆனால் இஞ்சி அவர்தான் வாங்கி வருவார்.

"தம்பி, இது சிக்கல்ல கொண்டு விட்ராதுல்ல?"

"ரெண்டு நாளில குடிச்சா லெமனேட், பாய். ரெண்டு கிழமை வைச்சா பொலிஸ்."

அந்த வீடியோ கோல்களில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. நடுவில் முகத்தை நீட்டி ஏதாவது சொல்வேன்.

"அக்கா, அண்ணை இப்ப நித்திரையில அரபி கதைக்கிறார்."

"உண்மையோ?"

"ஓம் அக்கா. போன கிழமை முதலாளி கஃபீலிட்ட மன்னிப்புக் கேட்டவர்."

பொய் சொல்லும்போது என் முகத்தில் ஒன்றும் அசையாது. கம்பஸில் அதற்காகவே என்னைத் தேடி வருவார்கள். அக்கா என்னைப் "பொய்க்காரத் தம்பி" என்றுதான் கூப்பிடுவார். அதை ஒரு பட்டம் மாதிரி வைத்திருந்தேன்.

உண்மையான பொய்யை அண்ணைதான் சொல்லியிருந்தார். அக்காவுக்கு ஃபமிலி விசா போட்டாயிற்று, வந்துவிடும் என்று நான்கு மாதம். போடவேயில்லை. அவருடைய சம்பளத்துக்கு அந்த விசா கிடைக்காது. அதைச் சொல்ல வெட்கம். அக்கா கண்டுபிடித்தார். "இனி இன்னொரு பொய் வந்தா, அதோட சரி" என்று சொல்லி வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பக்க "டப்" மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. அண்ணை மணிகளைக் கழுவுவதையும் ஊட்டுவதையும் மட்டும் விடவில்லை.

ஜூலைக் கடைசியில் ஒரு மெசேஜ் வந்தது. "என்ர மணி செத்துப்போச்சு. லீவில வரேக்க உங்கட பாதியைக் கொண்டுவாங்கோ."

அண்ணை அதை என்னிடம் காட்டினார். "பாத்தியே மச்சான்? கொண்டுவாங்கோ எண்டு போட்டிருக்கிறாள். குடுத்துவிடுங்கோ எண்டு போடேல்லை."

"மணியைத்தானே அண்ணை கேட்டிருக்கிறா."

"உனக்கு விளங்காது."

விளங்கியது. விளங்கியதால்தான் பகிடி விட்டேன்.

ஓகஸ்ட் இரண்டாம் கிழமை, வெள்ளிக்கிழமை பிளைட். அதற்கு முதல் மூன்று நாளும் அவருக்கு டபுள் டியூட்டி. செவ்வாய் காலை சப்பாத்துப் போட்டபடியே சொன்னார், "போத்தல் பன்னிரண்டையும் கழுவி, மணியையும் ஒருக்கா அலசி ஜாடியில விடு. எல்லாம் கடதாசியில இருக்கு. அக்கா எழுதினபடி செய், உன்ர பம்பல் ஒண்டும் வேண்டாம்."

"ஒரு எழுத்துப் பிசகாது" என்றேன்.

அந்த வாக்கை நான் காப்பாற்றினேன் என்பதுதான் துயரம்.

விதி இரண்டு: தூரிகையால் போத்தலின் அடிவரை தேய்க்கவும். தேய்த்தேன். விதி மூன்று: மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனியாகக் கழுவவும், அழுக்கு ஒளிவது அங்கேதான். கழற்றினேன். விதி ஐந்து: குழந்தைப் போத்தலுக்குப் போடும் கிருமிநாசினிக் குளிசை கரைத்த தண்ணீரில் அரை மணி ஊறவிடவும். ஃபார்மசிப் பெண் குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டாள். எட்டு மாதம், ஒரே நேரத்தில் பன்னிரண்டு போத்தல் குடிக்கும் என்றேன். அவள் கவலைப்பட்டாள். விதி ஏழு: துணியால் துடைக்கக்கூடாது, தலைகீழாக வடியவிடவும். பன்னிரண்டு போத்தலும் தலைகீழாக நின்றன.

போனைத் தேத்தண்ணி டின்னில் சாய்த்துவைத்து எல்லாவற்றையும் வீடியோ எடுத்தேன். விதி நான்கின்படி முழங்கை வரை தடித்த ரப்பர் கையுறை. அறுவைச் சிகிச்சை நிபுணர் மாதிரி ஒவ்வொரு விதியையும் உரத்து வாசித்துவிட்டுச் செய்தேன். அண்ணைக்கு அனுப்பி வெறுப்பேற்றும் திட்டம்.

விதி ஒன்பது: மணிகளைப் பிளாஸ்டிக் வடியில் இட்டு, நீலப் பைப்பில் இரண்டு நிமிடம் அலசவும்.

அக்கா அதை எழுதியது ஜனவரியில். எந்தப் பைப் என்று வீடியோவில் பார்த்து, நீலம் என்று சொல்லி எழுதினார். ஜனவரியில் அது சரி, நீலத்தில் குளிர்ந்த தண்ணீர், சிவப்பில் சுடுதண்ணீர். ஆனால் டுபாயில் வெயில் காலம் தொடங்கினால் எல்லாம் தலைகீழ். மொட்டைமாடி டாங்கி வெயிலில் வேகும். நீலப் பைப்பில் கை வைக்க முடியாது. ஆகவே எல்லாரும் ஹீட்டரை நிறுத்திவிடுவார்கள். வீட்டுக்குள் ஏசியில் கிடக்கும் ஹீட்டர் டாங்கித் தண்ணீர் சிவப்புப் பைப்பில் குளிர்ந்து வரும். மே முதல் ஒக்டோபர் வரை இங்கே சிவப்புத்தான் பச்சைத்தண்ணீர். அண்ணையும் அப்படித்தான் அலசுவார். கடதாசியை மட்டும் திருத்தவில்லை. அக்காவின் எழுத்தை வெட்ட அவருக்கு மனம் வரவில்லை.

எனக்கு இது தெரியாதா? அன்று காலை சிவப்பில்தான் குளித்தேன். ஆனால் எழுத்துப் பிசகாமல் செய்வதுதானே பகிடி. கமராவைப் பார்த்து, "நீலப் பைப் எண்டா நீலப் பைப். சட்டத்துக்கு மேல ஆரும் இல்லை" என்று சொல்லித் திறந்தேன். கையுறைக்குள் சூடு தெரியவில்லை. இரண்டு நிமிடத்தையும் போனில் பார்த்து எண்ணினேன்.

புதன் பின்னேரம் ஜாடியில் ஒரு குமிழி இல்லை. மணிகள் அடியில் வெள்ளைவெளேரென்று கிடந்தன. சீனி போட்டேன். மன்னிப்புக் கேட்டேன். வியாழன் மத்தியானம் செய்கு பாய் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, மவுத்தாப் போச்சா?"

"உஷ்."

"சொல்லிரு வாப்பா. அந்த மனுசன் ஏற்கெனவே ஒரு பொய்ல மாட்டிக்கிட்டு நிக்கிறாரு."

சொல்லியிருக்கலாம். அண்ணை செத்த மணிகளோடு போய், செத்துப்போச்சு என்று அக்காவிடம் சொல்லியிருப்பார். அங்கேயும் செத்தது, இங்கேயும் செத்தது என்று இரண்டு பேரும் ஒருவேளை சேர்ந்து அழுதிருப்பார்கள். நான் கீழே பக்காலா மளிகைக் கடைக்குப் போய், பேக்கரியில் பாண் பொங்கப் போடும் ஈஸ்ற் ஒரு பக்கெட் வாங்கி வந்து ஒரு சிட்டிகை தூவினேன். இரவு அண்ணை வந்தபோது ஜாடி பொங்கிக்கொண்டிருந்தது.

"நல்லாக் கழுவியிருக்கிறாய் மச்சான்" என்றார். வீடியோவை நான் அவருக்கு அனுப்பவில்லை.

முப்பது நாள் லீவில் போனவர் ஒன்பதாம் நாள் திரும்பி வந்தார். பையைக் கட்டிலடியில் தள்ளிவிட்டுக் கட்டிலில் இருந்தார்.

"மூடியைத் திறந்து மணந்தாள். 'இது பாண் மணக்குது' எண்டாள். அவ்வளவுதான். சாகடிச்சதைச் சொல்லியிருக்கலாமாம், ஈஸ்ற் போட்டுக் கொண்டுவந்து தன்ர கையில தந்ததைத்தான் தாங்க ஏலாதாம். நான் போடேல்லை எண்டன். 'அப்ப ஆர் போட்டது?' எண்டாள். எனக்குத் தெரியாதே, என்னத்தைச் சொல்ல?"

அப்போதுதான் சொன்னேன். அண்ணை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கடதாசியைப் போய்ப் பார்த்தார், விதி ஒன்பதை. "நான் திருத்தியிருக்கோணும்" என்றார். அடித்திருக்கலாம்.

உடனே அக்காவுக்கு எல்லாவற்றையும் எழுதி, அந்த வீடியோவையும் அனுப்பினேன். இரண்டாம் நாள் குரல் மெசேஜ் வந்தது.

"தம்பி, பாத்தன். நான் எழுதினபடிதானே எல்லாம் செய்திருக்கிறீர். நீலப் பைப்பிலதான் கழுவுறீர். பிறகு நீலப் பைப்பில சுடுதண்ணி, சிவப்பில பச்சைத்தண்ணி எண்டு எழுதியிருக்கிறீர். உமக்கு நல்ல கற்பனை. அவர் சொல்லித்தந்தவரோ, நீராவே யோசிச்சீரோ?"

பிறகு எங்கள் இரண்டு பேருடைய கோலையும் அவர் எடுக்கவில்லை. நான் அவருக்குச் சொன்னதில் ஆகப் பெரிய உண்மையும், ஆக நம்ப முடியாததும் அதுதான்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு என் போனில் அக்காவின் வீடியோ கோல் வந்தது. அண்ணை குசினியில் இருந்தார். மணி இல்லாவிட்டாலும் கிழமைக்கு ஒருமுறை போத்தல்களைக் கழுவுவார், விதி ஒன்றிலிருந்து.

"முன்வீட்டுக்காரர் சவுதி அல் கோபாரில இருந்து வந்து நிக்கிறார்" என்றார் அக்கா. "வெயிலுக்கு நீலப் பைப் சுடுமாம். திறந்து காட்டும், பாப்பம்."

நான் குசினிக்குப் போனேன், அண்ணை விலகி அறைக்குப் போனார். திறந்து விரலை நீட்டினேன். "ஆ" என்று கையை உதறினால் போதும். என்னைவிட நன்றாக அதை ஒருவரும் செய்யமாட்டார்கள்.

"குளிருது அக்கா. இப்ப டிசம்பர்."

"ம்." போனுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தார். "ஈஸ்ற் போட்டது அவருக்குத் தெரியுமோ? உண்மையைச் சொல்லும்."

"தெரியாது அக்கா. சத்தியமா."

"நித்திரையில அரபி கதைக்கிறார் எண்டு சொல்லேக்கையும் உமக்கு இதே முகந்தான்."

"எனக்கு இந்த ஒரு முகந்தான் அக்கா இருக்கு."

கோல் நின்றது. அவர் வெட்டினாரா, இணைப்புப் போனதா தெரியவில்லை.

"என்னவாம்?" என்று திரும்பி வந்தார் அண்ணை.

"பைப்பைப் பாக்கக் கேட்டவா."

"குளிருதெண்டா சொன்னனி?"

"ஓம்."

அவர் தலையாட்டிவிட்டுக் கடைசிப் போத்தலையும் கவிழ்த்து வைத்தார். நான் பைப்பை மூட மறந்திருந்தேன். அவரே மூடினார்.